முதலில் தாளைக் கொடுப்பவள்

மூடிவிட்டாள். பேனாவை மூடிவிட்டாள். மூடியை அழுத்தும் அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இங்கே கேட்டிருக்க வழியில்லை, தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் கேட்டது. இனி என்ன, தாள்களை அடுக்குவாள், நான்கு மூலையும் சரியாக வரும்படி டெஸ்க்கில் தட்டுவாள், எழுந்து வருவாள், ஒரு புன்சிரிப்போடு நீட்டுவாள், "முடிச்சிட்டேன் மிஸ்" என்பாள், ஐந்தாவது கேள்வி வெள்ளையாக இருக்கும். ஏட்டி செண்பா, எழுந்திரிக்காதே. வாயைத் திறந்து சொல்ல முடியாது. பரீட்சை அறையில் காவல் இருக்கிறவள் பேசக் கூடாது, பேசினால் எல்லாத் தலையும் நிமிரும், எல்லாத் தலையும் நிமிர்ந்தால் அவள் தலை குனியும், குனிந்தால் அப்புறம் லேசில் நிமிராது. அதனால் ஜெசிந்தா டீச்சராகிய நான், வாய் ஓயாதவள் என்று ஸ்டாஃப் ரூமில் பேர் வாங்கியவள், சுவரில் தொங்கும் தனிம அட்டவணையை வாசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருக்கிறேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். பதினோராம் வகுப்பு, கணக்கு, நானே போட்ட தாள், ஐந்தே கேள்வி. முதல் நான்கும் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவது அப்படி இல்லை. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று, நான்கும் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது, ஒன்று இரண்டு மூன்று சேர்ந்தால் ஆறு, இப்படி அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டி எந்தெந்த எண்ணைக் கொண்டுவரவே முடியாது, ஏன்? அவ்வளவுதான் கேள்வி. பார்த்தவுடன் விடை வராது. எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதிப் பார்த்தால்தான் வழி கொஞ்சமாவது தெரியும். வேண்டுமென்றேதான் போட்டேன். இப்போது ஏன் போட்டேன் என்றிருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் முதல் ரேங்க். அதுதான் சங்கடமே. ஊர் ஊராகத் தேடி, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாக வந்த பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, ஒரே ஹாஸ்டலில் சேர்த்து, வாருங்கள் செல்லங்களே படியுங்கள் என்றால், முதல் மாதத் தேர்விலேயே யாரோ ஒருத்தர் கடைசியாக வந்துதான் ஆக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் தேவையில்லை. செண்பகவல்லி கடைசியாக வரவில்லை, நடுவில் எங்கோ வந்தாள். பிறந்ததிலிருந்து நடு என்ற இடத்தையே அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. ரேங்க் ஒட்டிய போர்டுக்கு முன்னால் நின்றாள், முகத்தில் ஒன்றுமே இல்லை, அழுதிருந்தால் நான் நிம்மதியாகப் போய் டீ குடித்திருப்பேன். அடுத்த தேர்வில் ஒரு கேள்வியை எழுதாமல் விட்டாள். அதற்கடுத்ததில் இரண்டு. போன தேர்வில் பேரையும் தேதியையும் மட்டும் எழுதி, எல்லாருக்கும் முன்னால் தாளைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று போய்விட்டாள். எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் ஆனது. எழுதித் தப்பாகிப்போனால் அதற்குத் தெரியவில்லை என்று ஒரே அர்த்தம்தான். எழுதாமல் விட்டால் எத்தனையோ அர்த்தம், தலைவலி, நேரமில்லை, பேனா சரியில்லை, மனசில்லை, நினைத்திருந்தால் எழுதியிருப்பாள். சுமாராகப் படிக்கிற பிள்ளை எதையாவது கிறுக்கி வைத்துவிட்டுப் போகும், அரை மார்க் கிடைத்தாலும் லாபம். கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் வெள்ளைத் தாளில் ஒளிந்துகொள்ளத் தோன்றும். இது புரிந்த அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அடக் கழுதை, இவ்வளவு மூளையையும் இதற்கா செலவழிக்கிறாய் என்று. அப்புறம் பாவமாக இருந்தது. இப்போது இரண்டும் கலந்து, மாவு. ஐயோ, மாவு. இட்லி மாவை ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்காமல் வந்துவிட்டேன். இந்த வெயிலுக்கு மதியத்துக்குள் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். வழியட்டும். பேனா இன்னும் மூடியேதான் இருக்கிறது.

அவளை மட்டும் சொல்லி என்ன. வெளியே புங்க மரத்தடியில் அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறார், இந்த ஜன்னலிலிருந்து அவர் வேட்டியும் முழங்காலும் தெரிகின்றன. கோமதிநாயகம் அண்ணன், கழுகுமலைக்காரர், பஸ் கண்டக்டர், தங்கமான மனுஷன், மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அட்மிஷன் அன்று என் மேஜை முன்னால் நின்றுகொண்டு, "எம்பொண்ணு படிக்கவே மாட்டா டீச்சர், புஸ்தகத்த ஒரு பார்வ பாப்பா, அம்புட்டுதான், ஃபர்ஸ்ட்டு வந்துருவா" என்று சொன்னபோது நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். நம் ஊரில் எந்த அப்பன் இதைச் சொல்லாமல் இருந்தான், படிக்கவே மாட்டான் ஆனால் மார்க் வாங்கிவிடுவான் என்பதுதானே நமக்குப் பெரிய பெருமை. உழைத்து வாங்குகிற பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் ஏன் ஒரு படி இறங்குகிறது, "பாவம், உருண்டு பெரண்டு படிக்கான்" என்று ஏதோ சீக்காளியைச் சொல்கிற மாதிரி. அவர் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள், கையில் புது வாட்டர் பாட்டில், அந்த வார்த்தையைக் கேட்டு வெட்கமாகச் சிரித்தாள். வார்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பிள்ளை குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து படிக்கிறதாம். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, நான் ஒண்ணுமே படிக்கல என்று சொல்கிறதாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அது போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஃபோன் போட்டு, என்னக் கூட்டிட்டுப் போயிருங்க என்று ஒரே அழுகை. ஓடி வந்தார் மனுஷன். பழைய பள்ளிக்கூடத்தில் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்கிறார்களாம், அங்கே போனால் பழையபடி ஃபர்ஸ்ட். "இந்தச் சனிக்கிழமப் பரீட்ச ஒண்ண மட்டும் எழுதட்டும்ணே, அதுக்கப்பறமும் போகணும்னா நானே பஸ் ஏத்திவிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பெரிய இவள். போனால் என்ன கெட்டுவிடும், ஒன்றும் கெடாது, மார்க் வரும், காலேஜ் கிடைக்கும், பிறகு எங்கேயோ தெரியாத ஊரில், தெரியாத ஹாஸ்டலில், ஒரு நாள் இதே மாதிரி ஒரு கணக்கு வந்து முன்னால் நிற்கும், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மாதிரிச் செய்திகள் பேப்பரில் வரும்போது நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ரேங்க் வாங்கிய பிள்ளை, போட்டோவில் இரட்டை ஜடை, சிரிப்பு. வேண்டாம். இப்போது அதை நினைக்க வேண்டாம். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின்.

இதற்கெல்லாம் எங்களுக்குப் பயிற்சி வேறு கொடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை எப்படித் திடமாக்குவது என்று ஒருத்தர் திரை போட்டு, படம் காட்டி, மத்தியானம் பிரியாணி கொடுத்து. "தெரியாது என்று சொல்லாதீர்கள், இன்னும் தெரியாது என்று சொல்லுங்கள்" என்றார். நானும் நல்ல பிள்ளையாக வந்து வகுப்பில் சொன்னேன். மறுநாளே வகுப்புப் பையன் தளவாய் மெஸ்ஸில் தட்டோடு நின்று, "அக்கா, சாம்பார்ல பருப்பு இல்லன்னு சொல்லக் கூடாது, இன்னும் இல்லன்னு சொல்லணும்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டான். வார்த்தையில் ஒன்றும் இல்லை. எனக்கு விடிவு வந்தது வேறு வழியில், அதுவும் தற்செயலாக. ஒரு வெள்ளிக்கிழமை போர்டில் ஒரு கணக்கைத் தொடங்கி, பாதியில் மாட்டிக்கொண்டேன். நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். மூன்று தரம் எழுதிப் போட்டித் தேர்வு தேறியவள் நான், தோற்றுப் பழகிய கட்டை, அதனால் பெரிதாகக் கூச்சப்படவில்லை, "அடச்சே, எங்க விட்டேன்னு தெரியலியே" என்று அழித்து அழித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். வகுப்பு அப்படியே உறைந்துவிட்டது. டீச்சருக்குக் கணக்கு வராமல் நிற்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. பிறகு தளவாய் எழுந்து, "மிஸ், மூணாவது வரில மைனஸ்" என்றான், அதுவும் தப்பு, ஜாஸ்மின் எழுந்து இன்னொன்று சொன்னாள், அதுவும் தப்பு, கடைசியில் மணி அடித்துவிட்டது, கணக்கு முடியவில்லை, பிள்ளைகள் மெஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் எனக்கும் வராத கணக்கு ஒன்று. எல்லாருக்கும் கொண்டாட்டம், இவள் ஒருத்தியைத் தவிர. நான் போர்டில் தடுமாறும்போது செண்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நடுத்தெருவில் என் சேலை அவிழ்ந்துவிட்ட மாதிரி, எனக்காக அவள் கூசிப்போவாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

நேற்று அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, எவ்வளவோ யோசித்து வைத்திருந்த புத்திமதியெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட, என்னென்னவோ உளறினேன். "ஏ பிள்ள, நாளைக்கு எனக்கு ஒரு தப்பு வேணும்." முழித்தாள். "ஒங் கையெழுத்துல ஒரு தப்பு. வேற ஒண்ணுமே வேண்டாம்." "தப்பு எதுக்கு மிஸ்?" "திருத்துறதுக்குட்டி. சம்பளம் வாங்குதேன்லா, நீ ஒண்ணு முழுசா சரியாப் போடுத, இல்லாட்டி வெறுந்தாளத் தார. நான் செவப்புப் பேனாவ வச்சிக்கிட்டு என்ன செய்யட்டும்?" அவள் சிரிக்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "தப்பாப் போட்டா நீங்க என்னப் பத்தி என்ன நினைப்பீங்க?" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில். நான் பதில் சொல்வதற்குள் ஹாஸ்டல் மணி அடித்து, ஓடிவிட்டாள். ராத்திரியெல்லாம் அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் காலையில் மாவு மறந்துபோனது. ஐயையோ. எழுந்திரிக்கிறாள். நாற்காலி தரையில் கிறீச்சென்று இழுபடுகிறது. முடிந்தது, எல்லாம் முடிந்தது, அந்தப் புன்சிரிப்பை நான் எப்படி வாங்கிக்கொள்ளப் போகிறேன், அண்ணனிடம் என்ன சொல்லப் போகிறேன், பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேனே. இல்லை. துப்பட்டா. துப்பட்டா நுனி டெஸ்க் ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கர்த்தரே.

பேனா திறந்திருக்கிறது. எப்போது திறந்தாள்? துப்பட்டாவை எடுத்துவிட்ட கையோடு திறந்தாளா, நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது திறந்தாளா? அசையவில்லை, ஆனால் திறந்திருக்கிறது. எழுந்து நடக்கலாம். நேராக அவளிடம் போகக் கூடாது, பக்கத்தில் போய் நின்றால் எழுதுகிற கையும் நின்றுவிடும், எனக்கே அப்படித்தான். பின்வரிசை வழியாகச் சுற்றிப் போகிறேன். தளவாயின் தாள் முழுக்க அடித்தலும் திருத்தலும், கோழி கிளறின குப்பை மாதிரி, நடுவில் எங்கோ ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது, அவனுக்கே தெரியாது. ஜாஸ்மின் விரல் விட்டு எண்ணுகிறாள். இப்போது செண்பாவின் முதுகு. தோளுக்கு மேலாகப் பார்த்தால் ஐந்து என்று எண் போட்டிருக்கிறாள், அதற்குக் கீழே ஒரு வரி. இரட்டைப்படை எண்கள் வராது. ஒரு வரி! எழுதிவிட்டாள்! தப்பான வரி, அழகான கையெழுத்தில், அச்சு அடித்த மாதிரி. ஆறு இரட்டைப்படைதானே, ஆறு வருமே, கேள்வியிலேயே இருக்கிறதே. சொல்லக் கூடாது. நகர்ந்து போ ஜெசிந்தா. நகர்ந்து போய்த் திரும்பிப் பார்த்தால், அவளும் அந்த ஆறைப் பார்த்துவிட்டாள், கழுத்து விறைத்துக்கொண்டது, காது சிவந்துவிட்டது. அந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லாம் நின்றுபோகும். ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கிறாள். ஸ்கேலை எடுக்கிறாள். அந்த வரியின் மேல் ஸ்கேலை வைத்து, நேராக ஒரு கோடு, பிசிறில்லாமல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, தப்பைக்கூட ஸ்கேல் வைத்து அடிக்கிறதே என் பட்டு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தனிம அட்டவணைக்கே வந்துவிட்டேன். அப்புறம் பார்க்கவே பயமாக இருந்தது, பார்த்தால் நின்றுபோய்விடுமோ என்று. மெஸ்ஸிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. யாரோ இருமினார்கள். கொஞ்சம் பொறுத்து ஓரக்கண்ணால் பார்த்தேன், இரண்டாவது அடித்தல், ஸ்கேல் இல்லாமல், வெறும் கையால். மூன்றாவது, கோபமாக, குறுக்கும் நெடுக்குமாக. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள், ஜடை முன்னால் விழுந்து தாளில் கிடக்கிறது, எடுத்துவிடக்கூட இல்லை. ஒவ்வொருத்தராக எழுந்து வந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிறகு கையைத் தூக்கினாள். தலைவலி என்று சொல்லப்போகிறாள் என்று என் நெஞ்சு மறுபடியும் இறங்கியது. "மிஸ், அடிஷனல் ஷீட்." எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது என் கை ஈரமாக இருந்தது, தாளில் விரல் அடையாளம் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள் என்றே சொல்லலாம்.

மணி அடித்தும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "ஒரு நிமிசம் மிஸ், ஒரே நிமிசம்" என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள், மற்றவர்கள் தாளெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். விதிப்படி நான் பிடுங்கியிருக்க வேண்டும். ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தினேன், மெதுவாக, கொக்கி மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள் உலகத்திலேயே நான்தான். கடைசியில் கொண்டு வந்து கொடுத்தாள். மூலை மடங்கி, மை ஈஷி, பார்க்கச் சகிக்கவில்லை, எனக்கோ அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. புரட்டினேன். ஒன்று முதல் வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள், இரண்டு வரவில்லை, நான்கு வரவில்லை, எட்டு வரவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள், எவ்வளவு அழகாகக் கிட்டே வந்திருக்கிறாள், வந்துவிட்டு, நான்கால் வகுபடும் எண் எதுவும் வராது என்று அவசரப்பட்டு முடித்துவிட்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போட்டுப் பார்த்திருக்கலாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றுக் கேட்டதற்குப் பதில் அந்த முகத்திலேயே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், நான் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தேன். "தப்பா மிஸ்?" "தப்புதான்." "எங்கன்னு சொல்லட்டுமா?" என்றேன். சட்டென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம் மிஸ், சொல்லாதீங்க, சொல்லாதீங்க." பொத்தியபடியே வெளியே ஓடினாள், ஓடுகிறவள் சிரிக்கிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

நான் தாள்கட்டோடு வராந்தாவுக்கு வந்தபோது புங்க மரத்தடியில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணில் ஒரு குச்சியால் எண்களாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் அண்ணன் தோளில் அவள் துணிப்பை, ஒரு கையில் ஹாஸ்டல் வாளி, அதற்குள் சோப்பும் செருப்பும், வார்டனிடம் சொல்லி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். "கெளம்புவமா தாயி? பஸ்ஸு வந்துரும்." அவள் நிமிரவில்லை. "இருங்கப்பா. பன்னெண்டு இடிக்குது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்துச் சொன்னாள். மூன்று, நான்கு, ஐந்து என்று குச்சியின் நுனி ஒவ்வொன்றாகத் தட்டியது, தட்டிவிட்டு, "அட!" என்று அவளாகவே தலையில் அடித்துக்கொண்டு, போட்டதையெல்லாம் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் கூசுகிற மாதிரி துடைத்துக்கொண்டேன். மனதில் இத்தனை நாள் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று லேசாகி, பசிகூட எடுத்தது. அண்ணன் மெல்ல என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்ன டீச்சர் இது, பரீட்ச நல்லா எழுதுனியான்னு கேட்டா தப்புங்கா, தப்புன்னுட்டுச் சிரிக்கா. ஒண்ணும் வெளங்கலியே. இப்ப நான் இந்த வாளியத் தூக்கவா, வைக்கவா?"

"வைங்கண்ணே" என்றேன்.